கடனாளியைச் சுற்றிய கோடு: நொடிப்புச் சட்டமும் அதைச் சூழ்ந்த சடங்குகளும்

முன்னுரை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஆண்டாள் கோவிலின் உயர்ந்த கோபுரமே. எனினும் விருதுநகர் மாவட்டத்து மக்களுள் பலர் அந்நகருக்கு வருவது வழிபாட்டிற்காக அன்று, வழக்கிற்காக. 1910ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்திருந்த இவ்வட்டாரம், அவ்வாண்டில் புதிதாக அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்திலும், 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலும் சேர்க்கப்பட்டது. மாவட்டத்தின் தலைநகர் விருதுநகராக இருப்பினும், மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அமைந்துள்ளது. ஆகவே இராஜபாளையத்து நூல் வியாபாரியும், சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்விக்கும் சிறு முதலாளியும், மழையை நம்பிக் கடன் வாங்கிய உழவரும் தாங்கள் நொடித்துப்போனதாகச் சொல்ல வேண்டுமாயின் அதைச் சொல்லவேண்டிய இடம் ஸ்ரீவில்லிபுத்தூரே.

இவ்வாறு சொல்லுவதை நம் மக்கள் "ஐ.பி. கொடுப்பது" என்பர், "மஞ்சள் கடுதாசி கொடுப்பது" என்பதும் வழக்கு. முன்னது இன்சால்வென்சி பெட்டிஷன் என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களால் ஆனது. பின்னது தெருவின் சொல். சட்டத்தின் சொல் ஒரு மனுவைக் குறிக்கிறது. தெருவின் சொல்லோ ஒரு மனிதன்மேல் பூசப்பட்ட நிறத்தைக் குறிக்கிறது. இவ்விரு சொற்களுக்கும் இடையேயுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள். கடன் செலுத்த இயலாதவனை மனித சமுதாயம் எப்பொழுதும் இரண்டு மன்றங்களில் நிறுத்தியிருக்கிறது. ஒன்று சட்டத்தின் மன்றம். மற்றொன்று சடங்கின் மன்றம். முதல் மன்றம் காலப்போக்கில் விடுதலை அளிக்கக் கற்றுக்கொண்டது. இரண்டாவது மன்றம் அதைக் கற்றுக்கொண்டதா என்பதே திருச்சபைக்கு முன்னுள்ள வினா.

1. மன்னனைச் சுற்றிய கோடு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையை அடைந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, தமது பயண நூலில் மாபார் என்று அவர் அழைக்கும் இந்நாட்டின் கடன் வழக்கம் ஒன்றை விவரிக்கிறார். கடன் கொடுத்தவர் பலமுறை கேட்டும் கடனாளி நாள் கடத்திக்கொண்டே வந்தால், வழியில் அவனைக் கண்டவிடத்து அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிடுவாராம். கடனைத் தீர்க்காமலும் தக்க பிணை தராமலும் அக்கோட்டைத் தாண்டுபவன் மரணதண்டனைக்கு உரியவன். அந்நாட்டு அரசனே ஓர் அயல்நாட்டு வணிகனுக்குக் கடன்பட்டிருந்தான் என்றும், அவன் குதிரையேறி நகரில் வரும்போது வணிகன் குதிரையையும் அரசனையும் சேர்த்துக் கோடு வரைந்தான் என்றும், பணம் தீரும்வரை அரசன் அசையாது நின்றான் என்றும், இதைத் தாமே கண்டதாகவும் போலோ எழுதுகிறார்.

இச்செய்தியில் நாம் கவனிக்கவேண்டியது, கோட்டிற்குத் தன்னளவில் வலிமை ஏதுமில்லை என்பதே. மண்ணில் விரலால் இழுத்த கோடு அது. ஊரார் அனைவரும் அதை மதித்ததாலேயே அது மதிலாயிற்று. அரசனும் அதற்குக் கட்டுப்பட்டான் என்பதில் ஒரு நீதி இருக்கிறது. ஏழைக்கும் மன்னனுக்கும் கோடு ஒன்றே. ஆயினும் கோட்டிற்குள் நிற்பவன் எதைக்கொண்டு கடனைத் தீர்ப்பான் என்ற வினாவிற்கு அந்த வழக்கத்தில் விடையில்லை. இருப்பவனைக் கொடுக்கச் செய்ய அது வல்லது. இல்லாதவனுக்கு அது வழிசொல்லவில்லை.

இதனோடு ஒத்த மற்றொரு சடங்கு தர்ணா. இன்று அரசியல் போராட்டத்தைக் குறிக்கும் இச்சொல், முன்னாளில் கடன் கொடுத்தவர் கடனாளியின் வாயிலில் உண்ணாமல் அமர்ந்திருப்பதைக் குறித்தது. வாயிலில் ஒருவர் பட்டினி கிடக்க, வீட்டார் உண்பது பாவம் என்ற அச்சமே இங்கு அமீனாவின் வேலையைச் செய்தது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 508ஆம் பிரிவு, தெய்வக் கோபத்திற்கு ஆளாவாய் என்று நம்பச்செய்து ஒருவரை வற்புறுத்துவதைக் குற்றமாக்கியது. அதற்குச் சட்டமே தந்த எடுத்துக்காட்டு, ஒருவர் வாயிலில் தர்ணா அமர்வதாகும். கடன் வசூலில் சமயச் சடங்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

2. சிறையும் மனுவும்

ஆங்கிலேயர் கொணர்ந்த சட்டம் கோட்டிற்குப் பதிலாகச் சிறையை வைத்தது. கடன் செலுத்தாதவனின் உடலைப் பிடித்து அடைப்பது இங்கிலாந்தின் பழைய முறை. சிறைக்குள் இருப்பவன் சம்பாதிக்க இயலாது. சம்பாதிக்க இயலாதவன் கடனைத் தீர்க்கவும் இயலாது. இம்முரண்பாட்டை உணர்ந்த பின்னரே நொடிப்புச் சட்டங்கள் தோன்றின. 1828ஆம் ஆண்டுச் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களிலும் நொடித்த கடனாளிகளுக்கான நீதிமன்றங்களை ஏற்படுத்தியது. 1848ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக்கியது. ஆனால் இவ்விரண்டும் தலைநகரங்களுக்கே உரியவை. திருநெல்வேலிச் சீமையின் உழவனுக்கோ நெசவாளனுக்கோ அவற்றால் பயனில்லை. 1877, 1882ஆம் ஆண்டுகளின் உரிமையியல் நடைமுறைச் சட்டங்கள் தீர்ப்புக் கடனாளிக்கு ஒரு குறுகிய வாயிலைத் திறந்தன, அவ்வளவே.

இந்நிலையில் 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் நிறுவனம் நொடித்தது. ஓய்வூதியக்காரர், கைம்பெண்கள், சிறு அலுவலர் எனப் பலர் தம் வாழ்நாள் சேமிப்பை அதில் வைத்திருந்தனர். நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் விசாரிக்கப்பட்டுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். இவ்வீழ்ச்சியின் விளைவாக வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அவ்வாண்டே மாகாண நொடிப்புச் சட்டமும் நிறைவேறியது. தலைநகரங்களுக்கான சட்டம் 1909இல் வந்தது. மாகாணச் சட்டம் திருத்தி எழுதப்பட்டு 1920ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் "ஐ.பி." என்று வழங்குவது இச்சட்டத்தின் வழியே வரும் மனுவைத்தான்.

ஆர்பத்நாட் வீழ்ச்சி நமக்கு மற்றொன்றையும் உணர்த்துகிறது. கடன் கொடுத்தவர் எல்லாரும் வட்டிக்காரர் அல்லர். நொடித்தவன் மனுவில் கடன்காரர் பட்டியலாக அச்சிடப்படும் பெயர்களுள் சீட்டுப் பணம் கட்டிய கூலித் தொழிலாளியும், மகளின் திருமணத்திற்கெனச் சேர்த்ததை நம்பிக் கொடுத்த அண்டைவீட்டாரும் உளர். கடனாளியின் கண்ணீரை மட்டும் காண்பது போதகருக்குப் போதாது.

3. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடைபெறுவது

இராஜபாளையத்தின் தொழில் வாழ்வு கடனால் பின்னப்பட்டது. 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய இராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து பஞ்சாலைகள் பெருகின. அவற்றைச் சார்ந்து தறிகளும் பெருகின. நூல் கடனாக வரும். துணி கடனாகப் போகும். வரவேண்டிய பணம் ஓரிடத்தில் தடைப்பட்டால் சங்கிலி முழுதும் தளரும். தனியொருவன் குற்றம் செய்யாமலே நொடித்துப்போவது இத்தகைய ஊரில் எளிது.

நொடித்தவன் தரும் மனுவில் மூன்று பட்டியல்கள் இருத்தல் வேண்டும்: கடன்கள் எவை, அவை யார் யாருக்கு, சொத்து என்ன. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறித்த கடன் அளவு 500 ரூபாய். கடனுக்காகக் கைதானவனும் மனுச் செய்யலாம். மனுவில் கண்ட ஒவ்வொருவருக்கும் அறிவிப்புச் செல்லும். நீதிமன்றம் அவனை நொடித்தவனாக அறிவித்தால் அவன் சொத்து ரிசீவர் எனப்படும் பொறுப்பாளரின் கைக்குப் போகும். அவர் அதை விற்று, முதலில் அரசுக்கு உரியதையும், ஊழியர் தொழிலாளரின் சம்பள பாக்கியையும் கொடுத்து, எஞ்சியதை ஏனையோர்க்கு விகிதப்படி பகிர்வார். சம்பள பாக்கிக்கு 1920இல் வகுத்த முன்னுரிமை ஓர் ஆளுக்கு இருபது ரூபாய் மட்டுமே என்பதையும் குறிப்பிடவேண்டும்.

பாமர மக்களிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது: ஐ.பி. கொடுத்தால் கடன் தீர்ந்தது என்பதே அது. நொடித்தவன் என்று அறிவிக்கப்படுவது வேறு, கடனிலிருந்து விடுவிக்கப்படுவது வேறு. விடுதலைக்கெனத் தனியே மனுச் செய்ய வேண்டும். உரிய காலத்தில் செய்யாவிடில் அறிவிப்பே நீக்கப்பட்டுப் பழைய நிலை திரும்பும். சொத்து ரூபாய்க்கு எட்டணா அளவிற்கேனும் தேறாவிடில் முழு விடுதலை தரலாகாது என்பது விதி. ஆனால் தன்மேல் நியாயமாகச் சுமத்தக்க குற்றத்தால் இந்நிலை வரவில்லை என்று அவன் மெய்ப்பித்தால் அத்தடை நீங்கும். இவ்விதியில் சட்டம் துரதிர்ஷ்டத்தையும் தீச்செயலையும் பிரித்துப் பார்க்கிறது. மனுவிற்கு முந்திய இரண்டாண்டுக்குள் தக்க விலையும் நல்லெண்ணமும் இன்றிச் சொத்தைப் பிறர் பெயருக்கு மாற்றியிருந்தால் அம்மாற்றம் செல்லாததாக்கப்படலாம். வஞ்சகத்தால் ஏற்பட்ட கடன் விடுதலைக்குப் பின்னும் தொடரும். பிணை நின்றவனுக்கும் இவ்விடுதலை உதவாது. கடனாளி தப்பினாலும் கையெழுத்திட்ட நண்பன் அகப்பட்டுக்கொள்வான். பிணைப்படுதலைக் குறித்து நீதிமொழிகள் ஆகமம் மீண்டும் மீண்டும் எச்சரிப்பதன் பொருள் (நீதி. 6:1–5, 22:26) இங்கு விளங்கும்.

சட்டத்திற்கு இரக்கமும் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு உடை, சமையற் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், உழவனின் ஏர்க்கருவி, மாடு, விதைத்தானியம் ஆகியவற்றை ஜப்தி செய்யத் தடை விதிக்கிறது. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றலாகாத அணிகலனையும் தொடலாகாது என்கிறது. தாலிக்குச் சட்டம் தரும் மதிப்பு இதுவே. சூரியன் மறைந்து உதிக்கும்வரை குடியிருப்பு வீட்டினுள் நுழையலாகாது என்கிறது 62ஆம் பிரிவு. பணத் தீர்ப்பிற்காகப் பெண்ணைக் கைது செய்யலாகாது. கடனாளியைச் சிறையில் வைப்பதானால் அவன் சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவரே கட்டவேண்டும். கைதாகி வருபவனிடம், நொடிப்பு மனு தரும் உரிமை உனக்கு உண்டு என்று நீதிமன்றமே சொல்லவேண்டும். 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், செலுத்தும் வசதியிருந்தும் வஞ்சமாக மறுப்பவனையே சிறையிடலாம், ஏழ்மை ஒன்றே காரணமாக ஒருவனைச் சிறையிடுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவிற்கு முரணானது என்று தீர்ப்பளித்தார்.

நொடிப்பு மனுவிற்கு அப்பாலும் அரசு சில முயற்சிகள் செய்ததுண்டு. 1938இல் இராஜாஜி அமைச்சரவை கொணர்ந்த உழவர் கடன் நிவாரணச் சட்டம், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டியைத் தள்ளுபடி செய்து, அசலின் இருமடங்கு செலுத்தியவனின் கடன் தீர்ந்ததாகக் கொண்டது. 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே பிள்ளைகளோடு மாண்டது. சட்டம் ஏட்டில் இருக்க, வாயிலில் நின்ற வட்டிக்காரனின் குரலே அவர்கள் காதில் ஒலித்தது.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது? கோடு அழியவில்லை என்பதே விடை. நொடித்தவன் வீட்டுத் திருமணத்திற்கு அழைப்பு ஏற்பாரில்லை. தேநீர்க் கடையில் அவன் வந்தால் பேச்சு நின்றுவிடும். நீதிமன்றம் விடுவித்த பின்னும் "மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்" என்னும் அடைமொழி அவன் பிள்ளைகளின் பெண்பார்க்கும் படலம் வரை தொடரும். மஞ்சள் நமக்கு மங்கலத்தின் நிறம். திருமண ஓலையின் நான்கு மூலையிலும் தடவுவது அது. அதே நிறத்தின் பெயரால் ஒருவனை மங்கலத்திலிருந்து விலக்கிவைப்பது நம் தெருவின் கொடிய முரண்.

4. மஞ்சள் தொப்பியும் கால்பந்துத் திடலும்

இது நம் நாட்டிற்கு மட்டும் உரியது என்று எண்ணலாகாது. சீர்திருத்தத் திருச்சபை வேரூன்றிய ஸ்காத்லாந்தில் 1606ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. நொடித்தவர்கள் எடின்பரோ நகரின் சந்தைச் சிலுவையருகே அமைத்த மேடைமேல் மக்கள் காண உட்காரவேண்டும். அவர்கள் தலையில் மஞ்சள் நிறத் தொப்பி இருத்தல் வேண்டும். இவ்வடையாள உடை சட்டத்திலிருந்து முற்றிலும் நீங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். மஞ்சள் தொப்பிக்கும் மஞ்சள் கடுதாசிக்கும் தொடர்பு ஏதுமில்லை. எனினும் நொடித்தவன்மேல் தூரத்திலிருந்தே தெரியும் ஒரு நிறத்தை ஏற்றவேண்டும் என்ற மனித உந்துதல் இரண்டிலும் ஒன்றே.

அதே ஸ்காத்லாந்தில் நம் காலத்தில் நிகழ்ந்த ஒன்று, இவ்வுந்துதல் சட்டத்தைவிட்டு அகன்றபின் எங்கே குடிபுகுந்தது என்பதைக் காட்டுகிறது. கிளாஸ்கோ நகரில் இரண்டு பெரும் கால்பந்துக் கழகங்கள் உண்டு. ரேஞ்சர்ஸ் கழகம் மரபாகப் புரொட்டஸ்டண்டாருடையது; செல்டிக் கழகம் ஐரிஷ் கத்தோலிக்கக் குடியேறிகளுடையது. 2012 பிப்ரவரி 14 அன்று ரேஞ்சர்ஸ் கழகத்தை நடத்திய நிறுவனம் கடன் தாளாமல் நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. கடன்காரருள் முதன்மையான வரித்துறை சமரசத் திட்டத்தை மறுத்தது. ஜூன் மாதம் கழகத்தின் உடைமைகள் 55 இலட்சம் பவுண்டுக்கு ஒரு புதிய நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. பழைய நிறுவனம் கலைப்பிற்குச் சென்றது. அணி நான்காம் படிநிலைக்குத் தள்ளப்பட்டது.

அப்போது இரு பக்கத்து ஆதரவாளரும் செய்தவற்றைச் சமயவியல் மாணவர் கூர்ந்து நோக்கவேண்டும். எதிரணியினர் அக்கழகம் செத்தது என்று கொண்டாடினர். குழந்தைகளின் விருந்தில் பரிமாறும் ஜெல்லியையும் ஐஸ்கிரீமையும் சொல்லிக் கேலிப் பாட்டுப் பாடினர். எழுந்து நடமாடும் பிணம் என்று இன்றும் ஏசுவர். ரேஞ்சர்ஸ் ஆதரவாளரோ, கழகம் சாகவில்லை என்பதை வாதத்தால் அன்றிச் சடங்கால் நிறுவினர். 2012 ஆகஸ்டு 18 அன்று, நான்காம் படிநிலையின் சிற்றணி ஒன்றோடு நடந்த முதல் உள்ளூர் ஆட்டத்திற்கு ஐப்ராக்ஸ் திடலில் 49,118 பேர் திரண்டனர். அதே நிறத் துண்டு, அதே இருக்கை, அதே பாடல். நிறுவனம் என்னும் சட்ட ஆளைக் கலைப்பாளர் கலைக்கலாம். ஒன்றுகூடும் மக்களை எந்த ரிசீவரும் ஜப்தி செய்ய இயலாது என்பதே அவர்தம் செயலின் பொருள். எடின்பரோவின் ஹார்ட்ஸ் கழகம் 2013 ஜூனில் இதே நிலையை அடைந்தபோது, அதன் ஆதரவாளர் மாதந்தோறும் சிறுதொகை செலுத்திக் கழகத்தைத் தாங்கினர். 2021இல் அது அவர்களுக்கே உடைமையாயிற்று. பாட்டும் கொடியும் அங்கே கடன் சுமக்கும் தோளாக மாறின.

ஆனால் இப்பக்தியின் நிழலையும் சொல்லவேண்டும். ரேஞ்சர்ஸின் கடன்காரர் பட்டியலில், ஆட்ட நாட்களில் முகத்தில் வண்ணம் தீட்டும் தொழில் செய்த ஒரு பெண்ணின் பெயரும் இருந்தது. அவளுக்கு வரவேண்டியது 40 பவுண்டு. சடங்கின் வண்ணத்தைப் பூசியவளே கலைப்பில் கைவிடப்பட்டாள். இங்கிலாந்திலும் கால்பந்து உலகத்திற்குள் உள்ள கடன்களை முழுமையாகத் தீர்க்கவேண்டும் என்ற கழகக் கூட்டமைப்பின் விதியால், ஆட்டக்காரரும் பிற கழகங்களும் முழுத்தொகை பெற, முதலுதவிச் சேவை செய்த தொண்டு நிறுவனம் போன்ற வெளியார் சில காசுகளோடு நிற்க நேர்ந்தது. தன்னவரைக் காக்கும் கூட்டுறவு எவ்வளவு உருக்கமானதாயினும், வெளியே நிற்கும் சிறிய கடன்காரரைக் காணாத கண் அதற்கு இருக்கக்கூடும். திருச்சபையும் அதன் நிறுவனங்களும் இக்கண்ணாடியில் தம் முகத்தைக் காண்பது நலம்.

5. திருச்சபை எப்பக்கம் நின்றது?

வரலாற்றில் திருச்சபை எப்போதும் கடனாளியின் பக்கம் நின்றது எனச் சொல்ல இயலாது. இடைக்காலத்தின் இறுதியில் ஐரோப்பாவின் சபை நீதிமன்றங்கள், கடன் செலுத்தாதவரைச் சபைநீக்கம் செய்தன. சிறு தொகைக்காகத் திருவிருந்து மறுக்கப்பட்டது. அந்நிலையில் இறந்தவனுக்குத் திருநிலைப்படுத்திய மண்ணில் அடக்கமும் மறுக்கப்பட்டது. மார்க்கோ போலோ கண்ட கோட்டை அங்கே குருவானவரே வரைந்தார் எனலாம். 1520இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் மார்ட்டின் லூத்தர், உலகப் பொருளுக்காகச் சபைநீக்கத்தை ஆயுதமாக்குவதைக் கண்டித்தார்.

மறுபுறத்தில், ஜான் வெஸ்லியின் தந்தையாகிய சாமுவேல் வெஸ்லி என்னும் குருவானவரே 1705இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைபட்டார். அவர் மகனும் நண்பரும் ஆக்ஸ்போர்டில் 1730 முதல் கடனாளிச் சிறைகளுக்குச் சென்று சந்தித்ததை, மெதடிஸ்ட் எழுப்புதலின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதுகிறோம். குருமனைக்குள்ளேயே நொடிப்பை அறிந்த ஒரு வீட்டிலிருந்து அவ்வெழுப்புதல் வந்தது என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

6. திருமறையில் விடுதலைச் சடங்கு

திருமறையின் கடன் விதிகளை நம் சட்டத்தோடு ஒப்பிடுவோர்க்கு வியப்பு உண்டாகும். திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது (உபா. 24:6) என்பது, தொழிற்கருவியை ஜப்தி செய்யலாகாது என்னும் விதியின் முன்னோடி. அடகு வாங்குபவன் வீட்டினுள் நுழையாமல் வெளியே நிற்கவேண்டும் (24:10–11). ஏழையின் போர்வையைப் பொழுது மறைவதற்குள் திருப்பவேண்டும் (24:12–13). இவை இரக்கத்தின் விதிகள். இவ்வளவில் நம் சட்டமும் திருமறையும் உடன்செல்கின்றன.

வேறுபாடு விடுதலையில் உள்ளது. நம் சட்டத்தின் விடுதலை ஓர் ஆணை. அது கோப்பில் கட்டப்பட்டு அலமாரியில் கிடக்கும். திருமறையின் விடுதலையோ ஒரு வழிபாடு. ஏழாம் ஆண்டின் விடுதலை கர்த்தருடைய விடுதலை என்ற பெயரோடு கூறி அறிவிக்கப்படுகிறது (உபா. 15). யூபிலி ஆண்டு பாவநிவிர்த்தி நாளில், தேசமெங்கும் எக்காள ஓசையோடு தொடங்குகிறது (லேவி. 25:9). நெகேமியாவின் காலத்தில் நிலத்தையும் பிள்ளைகளையும் அடகு வைத்தோரின் கூக்குரல் எழுந்தபோது, அவர் பிரபுக்களைக் கூட்டி வட்டியை விடுவிக்கச் செய்து, ஆணையிடுவித்து, தம் அங்கியை எல்லார்முன்னும் உதறினார், சபையார் அனைவரும் ஆமென் என்றனர் (நெகே. 5). கடனாளியைச் சுற்றிக் கோடு வரையும் சடங்கிற்கு எதிராக, அக்கோட்டை அழிக்கும் சடங்கு இது. தெரு அவமானத்தை ஊரறியச் செய்கிறது. நெகேமியா விடுதலையை ஊரறியச் செய்தார்.

புதிய ஏற்பாட்டிலும் இச்சொல்வளம் தொடர்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல் கடனையே குறிக்கிறது. நம் திருமறையும் அவ்வாறே மொழிபெயர்க்கிறது. சில வழிபாட்டு ஒழுங்குகளில் அது குற்றம் என்று மாறி ஒலிக்கும்போது, பொருளியல் வாழ்வோடு இணைந்திருந்த ஒரு நரம்பு அறுபடுவதை உணர்கிறோம். கொலோசெயருக்கு எழுதிய நிருபம் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டதாகச் சொல்லும் கையெழுத்து (2:14), கடனாளி தன் கைப்பட எழுதித்தரும் சீட்டு. இன்றைய வழக்கில் புரோநோட்டு. பதினாயிரம் தாலந்து விடுவிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணத்திற்காக உடன்ஊழியனின் தொண்டையைப் பிடித்த உவமையில் (மத். 18:23–35), பிடித்தவன் சட்டப்படி குற்றவாளி அல்லன், கடன் உண்மையானதே. தன்னை விடுவித்த மன்றத்தை மறந்து பழைய மன்றத்திற்குத் திரும்பியதே அவன் குற்றம்.

முடிவுரை

2016இல் நாடாளுமன்றம் இயற்றிய நொடிப்புத் தொகுப்புச் சட்டத்தில் "புதிய தொடக்கம்" என்னும் அதிகாரம் ஒன்று எழுதப்பட்டது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், தகுதிக் கடன் 35,000 ரூபாய்க்கும் மேற்படாத ஏழைக்கு எளிய விடுதலை தருவது அதன் நோக்கம். ஆனால் தனிமனிதருக்குரிய பகுதிகளுள் 2019 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்குக் கொணரப்பட்டவை, நிறுவனங்களின் கடனுக்குப் பிணை நின்றோரைப் பற்றிய விதிகளே. பெரிய கடனுக்கு வழி முதலில் திறந்தது. சிறிய கடனின் வழி காத்திருக்க வைக்கப்பட்டது.

இந்நிலையில் போதகரிடம் எதிர்பார்ப்பது யாது? முதலாவது, சட்டத்தின் இரக்கத்தை அவர் அறிந்திருக்கவேண்டும். வட்டிக்காரன் வாயிலில் நிற்க, இரவில் குருமனைக் கதவைத் தட்டும் விசுவாசியிடம், "உன் தறியை அவர்கள் தூக்க இயலாது, உன் மனைவியின் தாலியைக் கேட்க உரிமையில்லை, மனுச் செய்ய வழியுண்டு, சட்ட உதவி மையம் உண்டு" என்று சொல்லத் தெரிந்திருப்பது ஓர் உயிரைக் காக்கும் செயல். இரண்டாவது, வஞ்சகத்தை இரக்கத்தின் போர்வையால் மூடலாகாது. சொத்தை மைத்துனன் பெயருக்கு மாற்றிவிட்டு ஐ.பி. கொடுப்பவனுக்கு முன், அவனிடம் சீட்டுக் கட்டிய ஏழைப் பெண்ணின் சார்பாகப் பேசவேண்டியவரும் போதகரே. சகேயு மன்னிப்பைப் பெற்ற நாளில் நாலத்தனையாய்த் திருப்பிக்கொடுக்க முன்வந்தான்.

மூன்றாவது, நொடித்த குடும்பத்தைச் சபை மீண்டும் ஏற்கும் முறை கண்ணுக்குத் தெரியவேண்டும். நொடித்தவர் தம் வழக்கமான இருக்கையை விட்டுப் பின்வரிசைக்கு நகர்வதையும், பிறகு வராமலே நின்றுவிடுவதையும் நம் சபைகளில் காண்கிறோம். ஒருவரும் அவரைச் சபைநீக்கம் செய்யவில்லை. கோடு தானே வரையப்பட்டுவிட்டது. கைப்பிடி அரிசி சேர்த்துத் திருப்பணி நடத்திய நம் பெண்கள் சங்கங்கள், அதே முறையில் ஒரு சிறு நிவாரண நிதியை நடத்த இயலாதா? வீட்டு ஜெபக் கூட்டத்தை அவ்வீட்டிலேயே வைக்க இயலாதா? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அதிக விலை கேட்டவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும் நாம், கடன்பட்டோர்க்கான விண்ணப்பத்தை, பெயர் சொல்லாமலேனும், ஞாயிறு வழிபாட்டில் சேர்க்க இயலாதா?

ரேஞ்சர்ஸ் ஆதரவாளர் தம் கழகத்தின் நிறுவனம் கலைந்த பின்னும் அதே இருக்கைக்குத் திரும்பினர். நொடித்துப்போன நம் சகோதரன் அடுத்த ஞாயிறு தன் இருக்கைக்குத் திரும்பும்போது, அது அவனுக்காகக் காத்திருக்கும்படி செய்வதும், திருவிருந்துப் பந்தியில் அவனுக்குக் கடன் கொடுத்தவரும் அவனும் அருகருகே முழங்காலிடும்படி முன்னதாக இருவர் வீட்டிற்கும் நடந்துசெல்வதும் போதகரின் பணி. அதற்குச் சட்டப் புத்தகமும் வேண்டும், திருமறையும் வேண்டும்; நடப்பதற்குக் கால்களும் வேண்டும்.